மூன்றாவது படுக்கையறையில் ஒரு கடை: கைவினைத் தொழிலோடு வீடு மாறுவது எப்படி?

சிங்கப்பூரில் வீடு மாறுவோருக்கு வழக்கமாக வரும் தலைவலிகள் நமக்குத் தெரிந்தவையே. சாவி, புதுப்பிப்புப் பணி, லாரி, நல்ல நாள். அந்த வீட்டின் ஓர் அறையில் ஒரு சிறு கடையும் நடந்துகொண்டிருந்தால் தலைவலி இரண்டாகிறது. அந்தக் கடைக்கு வாடகை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, அடைக்கும் நேரமும் கிடையாது. ஆனால் சரக்கு மட்டும் இருக்கிறது, கட்டிலுக்கு அடியில்வரை.

தீபாவளித் தோரணம், வளைகாப்புக்குப் பட்டுநூல் வளையல், திருமணத்துக்குச் சீர்வரிசைத் தட்டு, நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கும் தாம்பூலப் பை. இவற்றை வீட்டிலேயே செய்து விற்கும் தமிழ்ப் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு படம், ஓர் எண், தெரிந்தவர் சொல்லும் ஒரு நல்ல வார்த்தை. இவ்வளவுதான் அவர்களின் கடைமுகப்பு.

அப்படி ஒருவர் அண்மையில் ஜூரோங் வெஸ்ட்டில் உள்ள ஐந்தறை வீட்டிலிருந்து தெங்காவில் கட்டப்பட்ட புதிய நான்கறை வீட்டுக்கு மாறினார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வாடிக்கையாளர்கள் பலரின் கைப்பேசியில் அவர் ‘தோரணம் அக்கா’ என்றே பதிவாகியிருக்கிறார் என்பதால் நாமும் அப்படியே அழைப்போம். வயது நாற்பதுகளின் பிற்பகுதி. பதினோர் ஆண்டாக இந்தத் தொழில். வீடு மாறியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், தொழிலைத் தொடர்வதா விடுவதா என்று யோசித்த நாள்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

காரணம் எளிது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) சொல்லும் அளவின்படி ஐந்தறை வீடு ஏறத்தாழ 110 சதுர மீட்டர். நான்கறை வீடு ஏறத்தாழ 90. இரண்டிலும் படுக்கையறைகள் மூன்றுதான். பழைய வீட்டில் தம்பதிக்கு ஓர் அறை, மாமியாருக்கும் மகளுக்கும் ஓர் அறை, மூன்றாவது அறை வேலைக்கு. மகளுக்கு இப்போது பதினாறு வயது. தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பது அக்காவுக்கும் தெரியும். ஆகவே புதிய வீட்டில் கடைக்கென்று ஓர் அறை இல்லை.

ஆறு மாதமும் ஆடி மாதமும்

புதிய பிடிஓ வீட்டின் சாவியைப் பெற்றவர்கள் கையிலிருக்கும் பழைய வீவக வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றாக வேண்டும். புதிதாகக் கட்டி முடித்த புளோக்குகளில் புதுப்பிப்புப் பணிக்கு மூன்று மாதம் அனுமதி உண்டு. பழைய வீட்டின் மறுவிற்பனை விண்ணப்பத்தை வீவக ஏற்றுக்கொண்டதிலிருந்து விற்பனை முடிய ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும். மூன்றையும் நாள்காட்டியில் குறித்துப் பார்த்தால், சாமான்களைக் கட்டி நகர்த்தக் கிடைப்பது உண்மையில் சில வாரங்கள்தான்.

தோரணம் அக்காவுக்குச் சாவி ஜூன் மாதம் கிடைத்தது. இங்கேதான் நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று வந்தது. இந்தத் தொழிலில் வேலை குறைவாக இருப்பது ஆடியில்தான். திருமணங்கள் இருக்காது, சீர்வரிசைத் தட்டு கேட்டு யாரும் அழைக்க மாட்டார்கள். கட்டுவதற்கும் ஒதுக்குவதற்கும் கையில் நேரம் இருக்கும் மாதம் அது. ஆனால் ஆடியில் புது வீட்டுக்குப் போவதைப் பலர் தவிர்ப்பார்கள். ஆவணி பிறந்தால் நல்ல நாள்கள் வரும், கூடவே ஆர்டர்களும் வந்து குவியும். ஆவணித் திருமணங்கள், பிறகு நவராத்திரி, பிறகு தீபாவளி. நேரம் இருக்கும்போது நாள் இல்லை, நாள் இருக்கும்போது நேரம் இல்லை.

பலர் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆவணியில் ஒரு நல்ல நாளில், தரைவேலை முடிந்தும் முடியாத வீட்டில் மாமியார் முன்னிலையில் பால் காய்ச்சிவிட்டார்கள். அதன் பிறகு எந்த நாளில் சாமான் போனாலும் பரவாயில்லை என்று மாமியார் சொல்லிவிட்டார். ஆடி முழுவதும் பழைய வீட்டில் தரம்பிரிக்கும் வேலை நடந்தது. சாமான் நகர்ந்தது செப்டம்பர் இரண்டாம் பாதியில். அந்த ஆண்டு நவராத்திரி ஆர்டர் ஒன்றுகூட எடுக்கவில்லை. வீடு மாறியதில் லாரிக்குக் கொடுத்ததைவிட அதுதான் பெரிய செலவு என்கிறார். வீட்டுத் தொழில் செய்வோர் வீடு மாறும் செலவைக் கணக்கிடும்போது இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

‘ஒதுக்குதல்’

வீட்டில் சேர்ந்துபோனதைக் குறைப்பதற்கு ஆங்கிலத்தில் இருப்பதுபோல் தமிழில் தனிச்சொல் இல்லையே என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார். இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டை ‘ஒதுங்க வைப்பது’ என்றால் சீர்படுத்துவது. ஒருவருக்கென்று ‘ஒதுக்குவது’ என்றால் எடுத்து வைப்பது. ‘ஒதுக்கித் தள்ளுவது’ என்றால் வேண்டாம் என்பது. ஒரே சொல்லில் மூன்றும் இருக்கின்றன. கைவினைத் தொழில் செய்பவரின் அறையில் ஒரு பெட்டியைத் திறந்ததும் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்வதுதான் முழு வேலையும்.

வீட்டுச் சாமான் என்றால் அந்த முடிவு அவ்வளவு கடினமில்லை. இரண்டு ஆண்டாக உடுத்தாத சட்டையைக் கொடுத்துவிடலாம். தொழில் சரக்குக்கு அந்த விதி பொருந்தாது. இரண்டு ஆண்டாகத் தொடாத மயில்நீலப் பட்டுநூலை அடுத்த வாரம் ஒரு மணப்பெண் கேட்கக்கூடும். அந்தப் பயத்திலேதான் அறைகள் நிரம்புகின்றன. அது முழுக்க வீண்பயமும் இல்லை. ஒரே எண்ணுள்ள நூலாக இருந்தாலும் வேறு தொகுதியில் சாயமேற்றியது சற்று மாறித் தெரியும். பாதி வளையலை ஒரு நூலிலும் மீதியை இன்னொன்றிலும் சுற்றினால் வெளிச்சத்தில் வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு காரணம் அந்தச் சரக்கு வந்த வழி. லிட்டில் இந்தியாவிலும் அராப் ஸ்திரீட் துணிக்கடைகளிலும் கிடைப்பவை போக, கல், ஜரிகை, பார்டர், வளையல் அடிவளையம் போன்றவற்றை அவர் சென்னை செல்லும்போதெல்லாம் பாரிமுனையிலும் சவுகார்பேட்டையிலும் வாங்கிப் பெட்டியில் கொண்டுவருவார். (வர்த்தகத்துக்காகக் கொண்டுவரும் பொருளுக்குப் பயணிகளுக்கான பொருள், சேவை வரிச் சலுகை பொருந்தாது. இந்த வரி 2024 முதல் 9 விழுக்காடு. இது தெரியாமல் கொண்டுவருவோர் பலர்.) வெயிலில் அலைந்து, பேரம் பேசி, பெட்டியின் எடை பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த ஒரு பொட்டலத்தைக் குப்பையில் போடக் கை வராது. அதன் விலை சில வெள்ளிதான் என்றாலும்.

முதல் வாரம் எதையுமே தூக்கிப்போட முடியவில்லை என்கிறார் அவர். ஒரு பெட்டியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். மாற்றம் வந்தது மகள் கேட்ட ஒரு கேள்வியால்.

“அம்மா, இது இப்ப நம்மகிட்ட இல்லன்னு வச்சுக்குங்க. கடையில பார்த்தா காசு கொடுத்து வாங்குவீங்களா?”

வாங்குவேன் என்றால் புதிய வீட்டுக்கு. மாட்டேன் என்றால் வேறு வழி. பள்ளியில் கணக்கியல் படிக்கும் பெண் கேட்ட இந்தக் கேள்விக்குள் தொழில் நடத்துவோர் அனைவரும் பழக வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. சரக்கில் போட்ட பணம் ஏற்கெனவே போய்விட்டது. வைத்திருந்தாலும் எறிந்தாலும் அது திரும்பாது. இனி செலவாகப்போவது இடம் மட்டும்தான். நூறு வெள்ளிக்கு வாங்கிய பொருள் என்பதற்காக அதை வைத்துக்கொண்டு, அதற்கு இடம் போதாமல் வெளியே வாடகைச் சேமிப்புக்கிடங்கு எடுத்தால், மாதந்தோறும் கட்டும் வாடகை அந்த நூறு வெள்ளியைச் சீக்கிரமே தாண்டிவிடும். தோரணம் அக்காவும் ஒரு கிடங்கில் விலை விசாரித்திருக்கிறார். விசாரித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

திறந்த பெட்டிகளில் ஒன்றில் கொரோனா காலம் அப்படியே இருந்தது. 2020 ஏப்ரலில் நோய்ப்பரவல் முறியடிப்புக் கட்டுப்பாடுகள் தொடங்கியதும் திருமண ஆர்டர்கள் ஒரே நாளில் நின்றன. முகக்கவசம் கட்டாயமானதும் அவர் துணிமுகக்கவசம் தைத்து விற்கத் தொடங்கினார். அதற்கென்று வாங்கிய பருத்தித் துணியும் மீள்நாடாவும் ஒரு பெட்டி நிறைய மிஞ்சியிருந்தன. 2022 ஆகஸ்ட் இறுதியில் பெரும்பாலான உள்ளரங்குகளிலும், 2023 பிப்ரவரியில் பொதுப் போக்குவரத்திலும் முகக்கவசக் கட்டாயம் நீங்கியபோதே அந்தப் பெட்டியின் கதையும் முடிந்துவிட்டது. நாடாவை இழுத்துப் பார்த்தார். இழுத்தது இழுத்தபடியே நின்றது, சுருங்கவில்லை. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. இங்கே மீள்நாடா, பசை, ரப்பர், இரட்டை ஒட்டுநாடா ஆகியவை பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகும். ஆகவே தரம்பிரிக்கத் தொடங்குவோர் இவற்றிலிருந்து தொடங்கலாம். முடிவெடுக்க மனம் நோகாது, பெட்டிகளும் வேகமாகக் காலியாகும். பருத்தித் துணி நன்றாகவே இருந்தது. அது இப்போது தாம்பூலப் பையாகிறது.

கடினமான முடிவு தட்டுகளைப் பற்றியது. திருமணங்களுக்கு வாடகைக்கு விடும் அலங்காரத் தட்டுகளும் தாங்கிகளும் எண்பதுக்கு மேல். சாமான் அறையில் பாதியை அவைதான் பிடித்திருந்தன. அவற்றைத்தான் தொழிலின் முகம் என்று அவர் நினைத்திருந்தார். படங்களில் அழகாகத் தெரிபவையும் அவையே. ஆனால் இடம்மாறும் சாக்கில் பழைய ஆர்டர் புத்தகத்தைப் புரட்டியபோது, இரண்டு ஆண்டில் அவை வெளியே போனது பத்துமுறைகூட இல்லை. ஒவ்வொரு முறையும் எடுத்துப் போய், கொண்டுவந்து, துடைத்து, விழுந்த கல்லை ஒட்டி வைக்க ஆன நேரத்தைக் கழித்தால் மிஞ்சியது மிகக் கொஞ்சம். சோறு போட்டது தோரணமும் வளையலும்தான். அவற்றுக்குத் தேவையான சரக்கு அத்தனையும் ஓர் அலமாரியில் அடங்கும்.

பதினோர் ஆண்டில் சரக்கை ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு வியப்பாக இல்லை. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பலர் அப்படித்தான். கடைக்காரர்கள் ஆண்டு முடிவில் கையிருப்பை எண்ணுவார்கள். வீட்டில் அந்த வழக்கமில்லை. லாரி வரும் தேதி குறித்தால்தான் எண்ணுகிறோம்.

எங்கே போவது எது

தட்டுகளில் இருபத்து நான்கை வைத்துக்கொண்டு மீதியை விற்றார். வாங்கியவர்கள் இதே தொழிலில் இருக்கும் மற்றப் பெண்கள். கரோசலில் தனித்தனியாகப் போட்டபோது விலை கேட்டவர்கள் பலர், வந்தவர்கள் சிலர். “அக்கா, இன்னும் கொஞ்சம் குறைச்சுத் தர முடியுமா?” என்ற செய்திகளுக்குப் பதில் எழுதியே இரவுகள் போயின. பிறகு உத்தியை மாற்றினார். ஒரே வேலைக்கானவற்றைத் தொகுப்பாகக் கட்டினார். பத்துத் தட்டும் தாங்கிகளும் ஒரு விலை, ஒரு கிலோ மணி ஒரு விலை. தமக்குத் தெரிந்த கைவினைக் குழுவில் படம் போட்டார். ஒரு வாரத்தில் தீர்ந்தது.

எல்லாரையும் ஒரே மாலையில் வரச்சொல்லாமல் இரண்டிரண்டு பேராக நேரம் கொடுத்து அழைத்தது அவர் யோசித்துச் செய்த காரியம். வீவக வீட்டில் சிறிய அளவில் தொழில் செய்ய அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் வீடு முதன்மையாகக் குடியிருக்கும் இடமாகவே இருக்க வேண்டும், வெளியே விளம்பரம் வைக்கக்கூடாது, கனரக இயந்திரம் கூடாது, ஆள்நடமாட்டத்தாலோ சத்தத்தாலோ வாசனையாலோ அண்டைவீட்டாருக்குத் தொந்தரவு வரக்கூடாது. அந்த வீட்டில் வசிப்பவர்களே வேலை செய்ய வேண்டும் என்பதும் ஒரு விதி. தீபாவளி நெருக்கடியில் வேறு இடத்திலிருந்து ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது இதில் அடங்காது.

கொடுக்கக்கூடியவற்றைக் கொடுத்தார். வண்ணக் காகிதம், சிறு துணித்துண்டுகள், உடைந்த செட் மணிகள் ஆகியவற்றை அருகிலுள்ள முதியோர் நடவடிக்கை நிலையத்துக்கும் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவருக்கும் அனுப்பினார். இரண்டு இடத்துக்கும் முன்கூட்டியே அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கேட்காமல் கொண்டுபோய் இறக்கினால் நம் குப்பையை அவர்கள் தலையில் கட்டுவதாகிவிடும். உள்ளங்கையைவிடச் சிறிய துணுக்கு எதுவானாலும் வேண்டாம் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அதற்கும் மேல் யோசித்தால் வேலை நடக்காது.

நீல நிற மறுசுழற்சித் தொட்டியைப் பற்றி ஒரு சொல். அது காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத்துக்கானது. அதில் போடப்படுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவுக்கறை போன்றவற்றால் மாசுபட்டோ மறுசுழற்சிக்கு ஆகாததாகவோ இருப்பதாகத் தேசிய சுற்றுப்புற வாரியம் பல ஆண்டாகச் சொல்லிவருகிறது. ஜிகினா ஒட்டிய அட்டையும் பசை காய்ந்த துணியும் அந்தக் கணக்கைக் கூட்டவே உதவும். பழைய பிரிண்டர், பேட்டரி, கைப்பேசி ஆகியவற்றுக்கு 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தின் தனித் தொட்டிகள் கடைத்தொகுதிகளில் இருக்கின்றன. உடைந்த அலமாரி, மேசை போன்ற பெரிய சாமான்களை எடுத்துச் செல்ல நகர மன்றத்தை அழைக்கலாம். மாதத்துக்கு இத்தனை என்ற வரம்புக்குள் பெரும்பாலும் கட்டணமில்லை. அந்த வரம்பு மன்றத்துக்கு மன்றம் வேறுபடும் என்பதால் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய துணியையும் மின்சாதனத்தையும் நம் காராங்குனிக்காரரும் வாங்கிக்கொள்வார்.

மீந்த பிசினை, அதாவது ரெசினை, தொட்டியில் ஊற்றிக் கழுவவே கூடாது. குழாய்க்குள் இறுகினால் அடைப்பெடுக்க ஆகும் செலவு வேறு. இரு பாகத்தையும் கலந்து, இறுகவிட்டு, பிறகு குப்பையில் போட வேண்டும்.

ஓர் ஓரப் பிரச்சினையும் உண்டு. அழைப்பிதழ் மாதிரிகள், தாம்பூலப் பைகள், தட்டின் நடுவில் ஒட்டும் படங்கள் என்று விநாயகரும் லட்சுமியும் அச்சிட்டவை மட்டும் ஒரு பெட்டி. குப்பையில் போட மாமியார் விடவில்லை. மரத்தடியில் வைத்துவிட்டு வருவதில் அக்காவுக்கு உடன்பாடில்லை. துப்புரவு ஊழியர்தான் அள்ள வேண்டியிருக்கும் என்றார். கடைசியில் சாமி படங்களை மட்டும் கத்தரித்துத் தனியே எடுத்துக்கொண்டு, காகிதத்தை மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள். படங்கள் புதிய வீட்டு பூசையறை இழுப்பறையில் இருக்கின்றன. சுமை குறையவில்லைதான், சண்டை வரவில்லை.

லாரியில் ஏறும் முன்

வீட்டுக்கு ஒரு நாள், கடைக்கு ஒரு நாள் என்று லாரியை இரண்டு முறை அழைத்தார். கூடுதல் செலவுதான். ஆனால் அரிசி டப்பாவும் ஜரிகை டப்பாவும் கலந்துபோன வீட்டில் ஒரு மாதத்துக்கு எதுவும் நடக்காது என்று ஏற்கெனவே வீடு மாறிய தோழி எச்சரித்திருந்தார்.

பெட்டியின் மேல் பொருளின் பெயரை எழுதாமல் வேலையின் பெயரை எழுதினார். ‘நூல்’, ‘கல்’, ‘பசை’ என்று பிரித்துக் கட்டினால் ஒரு ஜோடி வளையல் செய்ய ஐந்து பெட்டியைத் திறக்க வேண்டும். ‘வளையல்’ என்ற பெட்டிக்குள் அடிவளையம், நூல், கல், பசை, கத்தரி எல்லாம் இருந்தால் அன்று மாலையே வேலைக்கு உட்காரலாம். கேட்க எளிதாக இருக்கிறது, எத்தனை பேர் செய்கிறோம்?

கண்ணாடி மணி, கல், காகிதம் மூன்றும் பார்க்கச் சிறியவை, எடை அதிகம். சின்னப் பெட்டிகளில் பாதி அளவு போட வேண்டும், மேலே துணியால் நிரப்பலாம். ஜாடியில் இருக்கும் மணிகளை ஜாடியோடு கட்டினால் மூடி திறந்து லாரி முழுவதும் உருளும். பூட்டு வைத்த பைக்கு மாற்றுவது உத்தமம். தையல் இயந்திரத்தின் ஊசியைக் கழற்றி, அழுத்துபாதத்தின் அடியில் துணித்துண்டு ஒன்றை மடித்து வைத்து, பாதத்தை இறக்கி, நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் எண்ணெய் வழியும்.

சூடு இன்னொரு எதிரி. சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டியவை, வெயிலில் நிற்கும் மூடிய லாரிக்குள் இளகிவிடும். தட்டில் ஒட்டிய முத்துச்சரம் வழுக்கி ஒரு பக்கம் இறங்கியிருப்பதைப் பெட்டியைத் திறந்த பிறகுதான் பார்ப்போம். ஆகவே காலை லாரிதான் நல்லது. முடித்து வைத்த ஆர்டர்கள், வாடிக்கையாளர் கொடுத்துவைத்த பொருள்கள் இரண்டும் லாரியில் ஏறவே இல்லை. அவை கணவரின் காரில் போயின. ஒரு மணப்பெண்ணின் பாட்டி கொடுத்த பழைய வெள்ளிக் குங்குமச்சிமிழை, அலங்கரித்துத் தரச்சொல்லி வந்ததை, அக்கா மடியில் வைத்துக்கொண்டு போனார். திரும்ப வாங்க முடியாத பொருளுக்கு இழப்பீட்டால் பயனில்லை.

பெட்டிகளைத் தாழ்வாரத்தில் அடுக்கும் பழக்கத்தில் கவனம் தேவை. ஆள்கள் தப்பிச்செல்ல 1.2 மீட்டர் அகலமாவது தாழ்வாரத்தில் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை. துணியும் காகிதமும் நிறைந்த பெட்டிகள் எளிதில் தீப்பிடிப்பவை என்பதையும் மறக்கக்கூடாது. தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் போன்றவற்றை ஏற்ற லாரிக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பார்கள். முன்பே தீர்த்துவிடுவது நல்லது.

காகிதங்களும் முகவரியும்

ரசீதுகளை வீடு மாறும் உற்சாகத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தனியுரிமையாளராகத் தொழில் செய்வோர் வரவுசெலவுப் பதிவுகளை, தொடர்புடைய மதிப்பீட்டு ஆண்டிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு ரசீது என்றால் 2030 முடியும்வரை. ஆண்டு வருவாய் 200,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்கள் வருமான வரிப் படிவத்தில் வருவாய், நிகர லாபம் என்ற இரண்டு வரியை நிரப்பினால் போதும் என்றாலும், அந்த இரண்டு வரிக்கான ஆதாரத்தை உள்நாட்டு வருவாய் ஆணையம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். மின்பதிவாக வைத்திருப்பதை ஆணையம் ஏற்கிறது. வெப்பத்தாளில் அச்சான கடை ரசீது எப்படியும் ஓரிரு ஆண்டில் வெளுத்துவிடும் என்பதால் படமெடுத்துச் சேமிப்பதே வழி. அக்காவின் மகள் இரண்டு சனிக்கிழமைகளில் அதை முடித்தாள்.

முகவரி மாற்றத்தில் பலர் தடுமாறுவது ஓரிடத்தில். புதிய வீட்டுக்கு வந்த 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் முகவரியை மாற்றியாக வேண்டும். அது எல்லாருக்கும் பொதுவானது. அதை மாற்றினால் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் (அக்ரா) உள்ள உங்கள் குடியிருப்பு முகவரியும் தானாக மாறும். ஆனால் தொழிலைப் பதிவு செய்தவர்களுக்கு அங்கே இன்னொரு முகவரியும் உண்டு, தொழில் நடக்கும் இடத்தின் முகவரி. வீடும் கடையும் ஒன்றுதானே என்று அதை விட்டுவிடக்கூடாது. அதை 14 நாளுக்குள் தனியே மாற்ற வேண்டும். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் செய்பவர்களுக்குப் பதிவு தேவையில்லை. தொழிலுக்கு அழகாக ஒரு பெயர் வைத்தவர்களுக்குத்தான் இந்த வேலை.

வாடிக்கையாளர்களுக்கும் சொல்ல வேண்டும். பணம் கட்டிவிட்டு எடுத்துச் செல்லாத ஆர்டர்கள் ஆறு இருந்தன. பழைய வீட்டு முகவரியில் வந்து எடுக்கக் கடைசி நாள் எது, அதன் பிறகு எங்கே வரவேண்டும் என்று தேதி குறித்துத் தனித்தனியே செய்தி அனுப்பினார். ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவதாக இருந்த வளைகாப்புத் தொகுப்பைப் பற்றிக் கேட்டபோது பதிலே வரவில்லை. மீண்டும் கேட்க வேண்டாம் என்று அக்கா விட்டுவிட்டார். அந்தப் பெட்டி மட்டும் பெயர் எழுதாமல் புதிய வீட்டுக்கு வந்திருக்கிறது.

இரும்புக் கதவுக்குப் பின்னால்

பழைய வீட்டில் இருந்த சாமான் அறைக்குப் பதில் புதிய வீட்டில் இருப்பது வீட்டுப் பாதுகாப்பறை. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்படும் வீடுகளில் இருக்கும் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட அந்தச் சிற்றறையில்தான் நம்மில் பெரும்பாலோர் அரிசி மூட்டையும் சூட்கேஸும் வைக்கிறோம். கைவினைக்காரர்கள் அதைச் சரக்கறையாக்க நினைப்பது இயல்பு. ஆனால் அதன் கதவைக் கழற்றவோ மாற்றவோ, சுவரை உடைக்கவோ கூடாது. காற்றுத் துளைகளை நிரந்தரமாக மூடக்கூடாது. சுவரில் ஆணி அடித்துத் தட்டு மாட்டுவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால் தரையில் நிற்கும் உலோக அலமாரியே பாதுகாப்பானது.

விதியைவிடப் பெரிய சிக்கல் காற்று. கதவை மூடியே வைத்தால் உள்ளே புழுங்கும். பட்டுநூலில் பூஞ்சை வாடை ஏறும், வெள்ளி நிறச் சரிகை கறுக்கும். அக்கா அங்கே தட்டுகளையும் தாங்கிகளையும் மட்டும் வைத்திருக்கிறார். நூலும் துணியும் கூடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், ஈரமுறிஞ்சும் பொட்டலங்களோடு. அலமாரியின் கதவையே கீழே மடித்தால் மேசையாகும்படி தச்சரிடம் சொல்லிச் செய்திருக்கிறார். வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும் என்பது குடும்பத்தில் செய்துகொண்ட ஒப்பந்தம். அதற்கு முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் எப்போதும் ஜிகினா இருந்தது, கணவரின் சோற்றிலும் அவ்வப்போது.

சீர்வரிசைத் தட்டு வாடகையை அவர் ஏறக்குறைய நிறுத்திவிட்டார். கேட்பவர்களைத் தம்மிடம் தட்டு வாங்கிய பெண்களிடம் அனுப்பிவைக்கிறார். மாதத்துக்கு எடுக்கும் வளையல் ஆர்டருக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார், அலமாரியில் எத்தனை டப்பா அடங்குமோ அத்தனை. புதிய சரக்கு வாங்கினால் அதே அளவு பழையது தீர்ந்திருக்க வேண்டும். அடுத்த சென்னைப் பயணத்தில் இது நிற்குமா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

இடம்மாறிய பிறகு கிடைத்த முதல் வேலை தீபாவளித் தோரணம். புதிய புளோக்கில், அதே தாழ்வாரத்தில் நான்கு கதவு தள்ளி வசிக்கும் குடும்பம் கேட்டது. வாசலில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினீர்கள் என்று அவர்கள் மாமியாரிடம் விசாரித்திருக்கிறார்கள்.